ஒரு நிழலும் இரு சொற்களும்

கண்டதைக் கண்டபடி உரைப்பது வாய்மை. இதில் வேறு கருத்துக் கொள்வார் எவரும் இலர். ஆயின், ஒரே பொருளை இருவர் காண்கின்றனர், இருவரும் கற்றவர், இருவருக்கும் பொய்யுரைக்க யாதொரு தேவையும் இல்லை, எனினும் ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் அதற்கு மாறாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்விடத்து வாய்மை எவர் பக்கம் நிற்கிறது? இது தர்க்க நூல் ஓதும் மாணவர்க்கு ஆசிரியர் விடுக்கும் வினாப்போலத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் இவ்வினா ஒருநாள் மாலை, அஸர்த் தொழுகைக்குப் பிறகு, உழவர்கரையில் உள்ள நம் வீட்டுத் திண்ணையில், மஞ்சள் பை ஒன்றோடு வந்து அமர்ந்தது.

வந்தவர் பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய பிள்ளை. இப்போது மீசை அரும்பி முதிர்ந்து, வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் செல்ல விசாவும் கைக்கு வந்திருந்தது. இலேசான இருமல் இருந்ததால், முன்கூட்டியே பார்த்துக்கொள்வோம் என்று ஊரில் ஓரிடத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். அங்கே, குறிப்பிடத்தக்க குறை யாதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். மனம் மகிழ்ந்து விசாவுக்குரிய மருத்துவச் சோதனைக்குப் போனார். அங்கே, வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல், காசநோய் ஐயம் என்று எழுதி, தகுதியற்றவர் என்று முத்திரை குத்தினர். இரண்டு படங்களுக்கும் இடையே பதினொரு நாள்தான்.

"ஹஜ்ரத், ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருமே பொய் சொல்லலேன்னா?" என்றோம்.

"அப்ப என் நெஞ்சுதான் பொய் சொல்லுதா?"

நம்மிடம் விடை இல்லை. அந்த விடையின்மையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஊடுகதிர்ப்படம் என்பது யாது? 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் செருமானிய நாட்டின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் கண்டறிந்த கதிர்கள் உடலை ஊடுருவிச் சென்று மறுபுறத்தில் விழுத்தும் நிழலே அது. எலும்பும் நிழல், இரத்தக் குழாயும் நிழல், நோயும் நிழல், நோய் ஆறிய தழும்பும் நிழல். நுரையீரலின் உச்சிப் பகுதியில் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், அங்கே ஒளிந்திருக்கும் சிறு கறையைக் காண்பது தேர்ந்த கண்ணுக்கும் எளிதன்று. படம் எடுப்பது இயந்திரத்தின் வேலை. அந்நிழல் இன்னது என்று சொல்வது மனிதனின் வேலை. நோயாளி கையில் சேர்வது பெரும்பாலும் அந்தச் சொல்தான். மருந்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு கூறுகளைக் கணக்கிட்டார். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒருவர் இருட்டறையில் அமர்ந்திருக்கிறார். நோயாளி அவர் முகத்தைக் கண்டதில்லை. அவரும் நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. இருவருக்கும் இடையே இரண்டு வரி எழுத்து மட்டுமே உறவு.

அந்த இரண்டு வரியில் வரும் சொற்களைப் பாருங்கள். 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதுகிறார். 'இருக்கக்கூடும்' என்று மற்றொருவர். 'விலக்கிவிட இயலாது' என்று வேறொருவர். 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதிக் கையைக் கழுவிக்கொள்வாரும் உண்டு. பத்தில் ஒன்று என்னும் அளவுக்கு ஐயமா, பத்தில் ஒன்பது என்னும் அளவுக்கு உறுதியா என்பது எழுதியவர் நெஞ்சில் இருக்கும், எழுத்தில் இராது. படிப்பவர் தம் அச்சத்தையோ ஆசையையோ அதில் ஊற்றிப் படித்துக்கொள்கிறார்.

சாட்சியம் என்றால் என்ன என்பதை நம் மக்கள் ஆண்டுதோறும் ஒரு மாலைப்பொழுதில் அனுபவத்தால் அறிகின்றனர். ஷஃபான் 29 அன்று மஃக்ரிபு வேளையில் பிறை பார்க்கும் வழக்கத்தைச் சொல்கிறோம். புதுச்சேரிக்குக் கடல் கிழக்கே, பிறையோ மேற்கே. ஆகவே கடற்கரைக்குச் சென்று பயனில்லை என்று மொட்டை மாடிகளில் ஏறித் தென்னந்தலைகளுக்கு மேலே கண்களைச் செலுத்துவர். ஒருவர் ஓடிவந்து, கண்டேன் என்பார். அவர் பொய்யர் அல்லர், ஐவேளை தொழுபவர். ஆயினும் ஜமாஅத்துப் பெரியவர்கள் அவரை அமரவைத்துக் கேட்பர்: கதிரவன் மறைந்த இடத்துக்கு வலப்புறமா, இடப்புறமா? எவ்வளவு உயரம்? கொம்புகள் எப்பக்கம் நோக்கின? பிறையின் ஒளிர்விளிம்பு எப்போதும் கதிரவனை நோக்கியே இருக்கும்; கொம்புகள் அதற்கு எதிர்ப்புறமாகவே நீளும். கொம்புகள் கீழே, கதிரவன் பக்கம் இருந்தன என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டது மேகக் கீற்று என்று பெரியவர்கள் முடிவு செய்வர். இதனால் அவருக்கு இழிவில்லை. 'கண்டேன்' என்னும் ஒற்றைச் சொல்லை எடைபோட முடியாது. எல்லாச் சாட்சியிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டால்தான் எடைபோடலாம். இதுவே அவர்கள் கைக்கொண்ட முறை.

மருத்துவ உலகம் இந்தப் பாடத்தைச் சற்றுக் கசப்பாகவே கற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், பெருந்திரளான மக்களிடையே காசநோயைக் கண்டுபிடிக்க எவ்வகை எக்ஸ்ரே சிறந்தது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பெரிய படம், தாளில் எடுத்த படம், சிறிய படச்சுருள் என நான்கு முறைகளில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டவர்களைப் படம் எடுத்து, ஐந்து வல்லுநர்களிடம் தனித்தனியே படிக்கக் கொடுத்தனர். 1947-இல் வெளிவந்த முடிவு, கேட்டவர்களையே திகைக்க வைத்தது. படமுறைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட, படித்தவர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. அதைவிட வியப்பு, சில காலம் கழித்து அதே படத்தை அதே வல்லுநரிடம் மீண்டும் கொடுத்தபோது, அவர் தாம் முன்பு சொன்னதற்கே மாறாகச் சொன்ன இடங்களும் பல. இயந்திரத்தைச் சோதிக்கப் போனார்கள். மனிதக் கண்ணையே சோதித்துத் திரும்பினார்கள்.

நம் தமிழகத்தில் இப்பாடத்தை வேளையோடு கைக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்து நிறுவியது அது. காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்பதே கேள்வி. ஏழை வீட்டுக் குடும்பத் தலைவனை ஓராண்டு பிரித்து வைத்தால் அடுப்பு எரியாது என்பதை அறிந்தவர்க்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். 1959-இல் வெளிவந்த முடிவு, வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகரானதே என்று காட்டி, உலகின் போக்கையே மாற்றியது. இதை உலகம் நம்பியதற்கு ஒரு காரணம் நம் பேச்சுக்கு முக்கியமானது. எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர், எந்த நோயாளி வீட்டில் இருந்தார், எவர் சானடோரியத்தில் இருந்தார் என்பதை அறியாதவராக இருக்கும்படி செய்தனர். அவரை நம்பாமையால் அன்று. நல்லவர் கண்ணும் தன் விருப்பத்தைக் காணும் என்பதனால்.

ஒரு நிலையத்துக்குள் இது இயலும். பல நிலையங்கள் சேரும்போது? நம் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள், கோரிமேட்டில், ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் இன்றைய பெயர் பெற்று, 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. விடியுமுன் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பேருந்துகளில் வந்து இறங்கும் மக்களின் வரிசையைக் கண்டவர்க்கு அதன் பெருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. 2013-இல் இந்திய அரசும் அமெரிக்க அரசும் இணைந்து 'ரிப்போர்ட் இந்தியா' என்னும் காசநோய் ஆய்வு வலையை அமைத்தபோது, சென்னை, வேலூர், புனே, ஐதராபாத் முதலிய ஊர்களின் நிலையங்களோடு நம் கோரிமேடும் அதில் சேர்ந்தது. அவ்வலையின் முதுகெலும்பு 'பொது நெறிமுறை' என்று அவர்கள் அழைக்கும் ஓர் ஏடு. எல்லா நிலையத்திலும் ஒரே கேள்விகள், ஒரே வகை மாதிரிகள், ஒரே கால இடைவெளிகள். புனேயில் எழுதியதைப் புதுச்சேரியில் இருப்பவர் ஐயமின்றிப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு மருந்து நூறு பேருக்குப் பயன் தந்ததா என்று அறிய ஓர் ஊர் போதும்; ஆயிரவரிடம் மட்டுமே தென்படும் நுண்ணிய உண்மையை அறியப் பல ஊர்கள் வேண்டும். பல ஊர்களின் எண்களைக் கூட்டுமுன், எல்லோரும் ஒரே மரக்காலால் அளந்தார்களா என்று கேட்க வேண்டாவா?

புற்றுநோய் ஆய்வில் இவ்வாறுதான் 2000-இல் உலகளாவிய அளவுமுறை ஒன்றை வகுத்து, 2009-இல் திருத்தினர். தெரிந்தெடுத்த கட்டிகளின் நீளங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் ஓரளவு குணம் என்றும், மிகக் குறைந்திருந்த நிலையிலிருந்து 20 விழுக்காடு கூடினால் நோய் முற்றுகிறது என்றும் எழுத வேண்டும். அதுவரை, 'கட்டி நன்கு சுருங்கியது' என்று ஒரு நாட்டில் எழுதியதும் மற்றொரு நாட்டில் எழுதியதும் ஒரே பொருளுடையன என்று எவரும் உறுதி கூற முடியாதிருந்தது.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் நம்மை வியக்கச் செய்த கலை ஒன்று உண்டு. அறிவிப்பாளர்களை எடைபோடும் கலை அது. 'ஜர்ஹு வத் தஃதீல்' என்பர். நபிமொழியை அறிவிக்கும் தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் உடையவரா என்று அறிஞர்கள் ஓரிரு சொற்களில் எழுதி வைத்தனர். இடர்ப்பாடு எங்கே வந்தது என்றால், அந்த ஓரிரு சொற்களில்தான். யஹ்யா இப்னு மயீன் 'லா பஃஸ பிஹி' என்று, அதாவது அவரிடம் தீங்கில்லை என்று, ஒருவரைக் குறிப்பிட்டால், பிறர் அதை நடுத்தரப் பாராட்டாகவே கொள்வர். அவரோ, தம் வழக்கில் அச்சொல் முழு நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளது என்று விளக்கியிருக்கிறார். இமாம் புகாரி 'ஃபீஹி நளர்' என்று சொன்னால், அவரைப்பற்றிச் சற்று ஆராய வேண்டும் என்று மென்மையாகத் தோன்றும். உண்மையில் அது அவருடைய மிகக் கடுமையான கண்டனங்களுள் ஒன்று என்று பின்வந்தோர் ஆய்ந்து கண்டனர். பெருந்தகையின் நாநயம் அத்தகையது. ஆயினும் அந்த நாநயத்தை அறியாத மாணவன், தள்ளத்தக்கவரைக் கொள்ளத்தக்கவராக எண்ணிவிடக் கூடுமன்றோ!

இதைச் சரிசெய்தவர்கள் முன்னோரைக் குறைகூறவில்லை. ஹிஜ்ரி 327-இல் மறைந்த இப்னு அபீ ஹாத்திம் அர்ராஸீ, பாராட்டுச் சொற்களை நான்கு படியாகவும் குறைச் சொற்களை நான்கு படியாகவும் வரிசைப்படுத்தி, இன்ன படியில் உள்ளவரின் அறிவிப்பை இன்னவாறு கையாள வேண்டும் என்றும் எழுதினார். பின்னர் ஹிஜ்ரி 852-இல் மறைந்த இப்னு ஹஜர், பன்னிரண்டு படிகளாக விரித்து, ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களை ஒரே அளவுகோலில் நிறுத்தினார். படியைச் சொன்னால் போதும். மொராக்கோ மாணவனும் காயல்பட்டின மாணவனும் ஒரே பொருளை உணர்வர். ஒரு பெரும் அறிவுத்துறை தன் சொற்களுக்குத் தானே கடிவாளம் இட்டுக்கொண்ட வரலாறு இது. மருத்துவர்கள் இன்று செய்வதைக் கேள்விப்பட்டபோது, நமக்கு அது புதுமையாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம்.

சற்று விலகி ஒன்று சொல்லிக்கொள்கிறோம். புதுச்சேரியில் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்புப் பத்திரங்கள் இன்றும் உள. நாள், மணி, தந்தையின் பெயர், வயது, தொழில், சாட்சிகள் என்று ஒரே வரிசை. நம் பாட்டனார் காலத்தார் அந்த வறட்டு நடையை எள்ளி நகைத்ததைக் கேட்டிருக்கிறோம். ஆனால் நூறாண்டு கழித்து வாரிசுரிமை வழக்கில் பேசுவது அந்த வறட்டு நடைதான். அழகான நடையில் எழுதிய வாழ்த்துமடல் பேசுவதில்லை.

இத்தகைய பொதுவடிவத்தை வேண்டாவென்பாரும் உளர். அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். நமக்குப் பழக்கமான முதிய மருத்துவர் ஒருவர், இப்பேச்சை எடுத்தபோது முகம் சுளித்தார். "உணவு விடுதிச் சீட்டுப்போலக் கட்டங்களில் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். கட்டத்தில் இல்லாததைக் கண்டால் என்ன செய்வது? கட்டம் கேட்பதை மட்டுமே காணும் கண்ணாக என் மாணவர் கண் ஆகிவிடும்," என்றார். இது வெறும் முதுமையின் முணுமுணுப்பு அன்று. அறிஞன் தன் அறிவால் ஆய்ந்து கூறும் முடிவுக்கு நாம் இஜ்திஹாத் என்று பெயரிட்டுப் போற்றுகிறோம். அதைக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டால் அறிஞன் எழுத்தனாகிவிடுவான்.

ஆயினும் சொல்லைப் பொதுவாக்குவது வேறு, முடிவைப் பொதுவாக்குவது வேறு. இவ்வேறுபாட்டைக் கல்தூசு நோய்க்கு வகுத்த முறையில் மிகத் தெளிவாகக் காணலாம். கல்லுடைப்போர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோர் நெஞ்சில் தூசு படிவதால் வரும் நோயைப் பதிவு செய்ய, பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1950 முதல் ஒரு வகைப்பாட்டை வளர்த்து வந்திருக்கிறது. அதனோடு மாதிரிப் படங்களும் உண்டு. படிப்பவர் தம் முன்னுள்ள படத்தை அவற்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நோயின் செறிவுக்கு 0 முதல் 3 வரை நான்கு எண்கள். இங்கேதான் அந்த நுட்பம்: படிப்பவர் ஓர் எண்ணை அன்று, இரண்டு எண்களை எழுதுகிறார். முதல் எண் அவர் முடிவு. இரண்டாவது எண், முடிவு செய்யுமுன் அவர் மெய்யாகவே எண்ணிப்பார்த்த மாற்று. 1/0 என்றால், நோய் உண்டு என்றே முடிவு செய்தேன், ஆனால் இல்லையோ என்றும் ஊன்றி எண்ணினேன் என்று பொருள். 1/1 என்றால் ஐயமே எழவில்லை. இவ்வாறு பன்னிரண்டு படிகள். ஒரு மனிதனின் தயக்கத்தைக்கூட மறைக்காமல் பதிவு செய்ய இடம் விட்ட படிவத்தை, சிந்தனையைக் கொல்லும் படிவம் என்று எவ்வாறு சொல்வது? வானூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் உழைத்தவனுக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இத்தகைய ஓர் எண்ணில் தொங்கக்கூடும் என்பதை நினைத்தால், அந்தச் சாய்கோட்டின் அருமை தெரியும்.

'அறியேன்' என்பதற்கும் படிவத்தில் இடம் வேண்டும். இமாம் மாலிக், தொலைவிலிருந்து வந்தவர் கேட்ட கேள்விகளுள் பலவற்றுக்கு, 'அறியேன்' என்று மறுமொழி கூறியதை நம் ஆசிரியர்கள் ஓயாது நினைவூட்டுவர். மகளிரின் மார்பகப் படங்களுக்காக அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-இல் வெளியிட்டு, பின் விரிவாக்கிய முறையில், 0 முதல் 6 வரை எண்கள் உள்ளன. அவற்றுள் 0 என்பதற்கு, இப்படத்தைக் கொண்டு சொல்ல இயலாது, இன்னும் படம் வேண்டும் என்று பொருள். 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை, ஆயினும் சில மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது. 4-உம் 5-உம் ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டியவை. நம் வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் வாய் திறவாமல், 'ஏதோ கட்டியாம்' என்னும் ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அழுதுகொண்டிருப்பதை நாம் அறிவோம். அந்தத் தாளில் எண் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கும், அவர்தம் கணவன்மார், மகன்மாருக்கும் உண்டு. அச்சத்துக்கு அளவு தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியது இன்னதென்பதும் தெரிந்துவிடுகிறது.

இனி, இந்த முறையை ஆதரிப்பவர்கள் சற்று விரைந்து கடந்துவிடும் இடத்துக்கு வருகிறோம். நம் கவலை அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகளின் நிமோனியாக் காய்ச்சலைத் தடுக்கும் தடுப்பூசிகள் வந்தபோது, அவை பலன் தருகின்றனவா என்று பல நாடுகளில் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. ஒரு நாட்டு மருத்துவர் நிமோனியா என்பதை, மற்றொரு நாட்டு மருத்துவர் சளி என்பார். ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளின் நெஞ்சுப் படத்தைப் படிக்க ஒரே வரையறையை வகுத்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவரான மருத்துவர் தாமஸ் செரியன் முதலாசிரியராக அமைய, 2005-இல் இதன் சோதனை முடிவு வெளிவந்தது. 222 படங்களை 20 மருத்துவர்கள் தனித்தனியே படித்தனர். இருவர் தற்செயலாக ஒத்துப்போவதையும் உடன்பாடு என்று கணக்கிட்டுவிடக் கூடாது அல்லவா? தேர்வில் விடை தெரியாத இரு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்', 'இல்லை' என்று எழுதினாலும் பாதி இடங்களில் ஒத்துத்தானே போவர்! அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு எஞ்சிய உடன்பாட்டை அளக்கவும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். அவ்வரையறையைக் கைக்கொண்டு காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு, நிமோகாக்கஸ் தடுப்பூசி படத்தில் தெரியும் நிமோனியாவை 37 விழுக்காடு குறைத்தது என்று அதே 2005-இல் காட்டியது. இந்தியாவில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுதும் அத்தடுப்பூசி இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. பொதுச் சொல்லின் பயனுக்கு இதனினும் சான்று வேண்டா.

ஆனால் அதே வரையறையை வகுத்தவர்கள், இது மக்கள் தொகையில் நோயை எண்ணுவதற்கு உரியது, தனிக்குழந்தைக்கு மருந்து கொடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்வதற்கு உரியது அன்று என்பதையும் தெளிவாக்கியிருந்தனர். எண்ணுகிறவனுக்கு ஐயத்துக்கிடமான படங்களை ஒதுக்கிவிடுவது நன்று, கணக்குத் தூய்மையாகும். சிகிச்சை செய்பவனுக்கு அதே ஒதுக்கல் பெரும்பாவமாகலாம். ஒதுக்கிய படங்களுள் ஒன்று நோயுற்ற குழந்தையினுடையதாக இருக்கும். கூட்டத்தை அளக்கச் செய்த கோலைத் தனிமனிதன் தலைமீது வைத்து அடிக்கலாகாது. இந்த வேறுபாட்டை அறியாத இடத்தில், பொதுவடிவம் நீதியின் கருவியாக இராமல் சோம்பலின் கருவியாகிவிடுகிறது.

இப்போது நெஞ்சுப் படத்தைக் கணிப்பொறியே படித்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. பதினைந்து வயது நிறைந்தோரிடம் காசநோயைத் தேட இதனைப் பயன்படுத்தலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. படம் படிக்கும் மருத்துவர் இல்லாத சிற்றூர்க்கு இது வரப்பிரசாதம்; மறுக்கவில்லை. எனினும் எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'ஐயம்' என்று வைப்பது என்பதை இயந்திரம் சொல்லாது. அந்தக் கோட்டை இடுகிறவன் மனிதன். கோட்டைக் கீழே இட்டால் நலமுள்ளோர் பலர் அலைக்கழிவர். மேலே இட்டால் நோயாளர் சிலர் தப்பி வீட்டாருக்கும் நோயைக் கொடுப்பர். இரண்டில் எந்தத் தீங்கைப் பொறுத்துக்கொள்வது என்பது கணக்கு அன்று, அறவினா. அதற்கு விடை கூறும் பொறுப்பைப் பொறியின் தோளில் ஏற்றிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது.

நம் மாணவர் கதை அந்தரத்தில் நிற்கிறது. அவருடைய அன்னையார் பழைய துணிப்பெட்டியைக் கிளறி, பிள்ளைக்குப் பதினான்கு வயதில் நெடுங்காய்ச்சல் வந்தபோது எடுத்த படம் ஒன்றைத் தேடி எடுத்தார். மூத்த மருத்துவர் ஒருவர் மூன்று படங்களையும் ஒளிப்பெட்டியில் அடுத்தடுத்து மாட்டினார். சளியையும் சோதிக்கச் செய்தார், கிருமி இல்லை. அந்நிழல் பதினான்கு வயதுப் படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. எப்போதோ வந்து தானே ஆறிய நோயின் தழும்பு என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஆக, முதலாமவர் 'குறை இல்லை' என்றது, இன்று நோய் இல்லை என்னும் பொருளில் பொருந்தும்; தழும்பைக் குறிப்பிடாமல் விட்டது பிழை. இரண்டாமவர் 'நிழல் உண்டு' என்றது மெய். அது பழையதா புதியதா என்பதற்கு அவர் கையில் முந்தைய படம் இல்லை, கேட்டுப் பெறவும் இல்லை. இருவரும் 'தழும்பு', 'நோய்', 'ஒப்பிடப் பழைய படம் இல்லை' என்னும் மூன்று செய்திகளையும் தனித்தனியே எழுதுமாறு ஒரு படிவம் இருந்திருந்தால், அந்தப் பதினொரு நாள் குழப்பம் நேர்ந்திராது.

ஆயினும் வேலை கிடைக்கவில்லை. விசாவுக்குரிய தாளில் தகுதியுண்டு, தகுதியில்லை என்னும் இரண்டே கட்டங்கள். ஆறிய தழும்பும் அங்கே தகுதியின்மையே. அந்தப் படிவமும் எல்லா நிலையங்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. நாடு பல, படிவம் ஒன்று. பொதுவடிவத்தைப் புகழ்ந்து பக்கங்களை நிரப்பிவிட்டு, இதை மறைத்தால் நாம் வாய்மையைப் பற்றி எழுதத் தகுதியற்றவர் ஆவோம். கல்தூசு நோய்க்குப் படிவம் வகுத்தோர் நோயாளியின் பொருட்டு வகுத்தனர். இதுவோ வாயிற்காவலன் பொருட்டு வகுத்தது. கட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே, படிவம் யாருக்காகப் பேசுகிறது என்று தெரிந்துவிடுகிறது.

அவர் இப்போது ரெட்டியார்பாளையத்தில் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறார். இருமல் மழைக்காலத்தில் வந்து போகிறது என்றார். சென்ற வாரம் வந்தபோது, "ஹஜ்ரத், இந்த மூணு தாளையும் இன்னும் வச்சிருக்கேன். ரெண்டைக் கிழிச்சிரட்டுமா? எதை வச்சுக்கிறது?" என்று கேட்டார்.

"எதையும் கிழிக்காதீங்க தம்பி. ஒவ்வொண்ணு மேலேயும் எடுத்த தேதியைப் பெரிசா எழுதுங்க. படத்தையும் அதனதன் தாளோடயே வைங்க. அடுத்த தடவை யாரு படம் எடுத்தாலும், முதல்ல உங்க உம்மா எடுத்து வச்ச அந்தப் பழைய படத்தைக் கொடுங்க," என்றோம்.

தேதி எழுத நம் பேனாவையே வாங்கிக்கொண்டார்.